பலசாலிக்கே முதல் காயம்: ஹைலேண்ட் எறிபோட்டியில் ஒரு தொடக்கக்காரர்

நிகழ்வு

ஆண், வயது 34. எடை 104 கிலோ. ஐந்து ஆண்டுகளாக ஜிம்முக்குப் போகிறவர், தரையில் கிடக்கும் எடையை நிமிர்ந்து நின்று இடுப்பளவு தூக்கும் டெட்லிஃப்டில் 200 கிலோ தூக்கியவர். பள்ளிக்காலத்தில்கூட எதையும் எறிந்து பழகியதில்லை. புகைப்பழக்கம் உண்டு. ஸ்காட்லாந்தின் அபர்டீன்ஷயரில் ஜூலை மாதம் நடக்கும் ஒரு சிறிய ஊர்ப் போட்டியில், உள்ளூர்க்காரர்களுக்கான பிரிவில் முதல்முறையாகக் களமிறங்குகிறார். ஆறாவதாக வருவது 56 பவுண்டு இரும்பு எறிதல். இரண்டாவது முயற்சியில், சுழலும்போது, வலது முழங்கையின் முன்பக்கத்தில் ‘டப்’ என்று ஏதோ அறுந்ததுபோல் உணர்கிறார். இரும்பு கையை விட்டுப் பக்கவாட்டில் போய் விழுகிறது. கடுமையான வலி சில நிமிடம்தான். அப்புறம் குறைந்துவிடுகிறது. முதலுதவிக்காரர் ஐஸ் வைத்து, தசைப்பிடிப்பாக இருக்கும் என்று சொல்லி அனுப்புகிறார். வலி அடங்கிவிட்டதே என்று கடைசியில் மரத்தண்டு எறியவும் இவர் போகிறார். முழங்கை மடிப்பில் நீலம் பாய்ந்து, மேற்கைத் தசை தோளை நோக்கிச் சுருண்டு மேலேறியிருப்பதை மறுநாள் காலை கண்ணாடியில் பார்க்கிறார். மருத்துவரிடம் போனது ஒன்பதாம் நாள்.

இப்படி ஒரு தனி மனிதர் இல்லை. இந்தப் போட்டிகளுக்குப் புதிதாக வரும் ஆண்களிடம் திரும்பத் திரும்பக் காணப்படும் தயாரிப்புக் குறைகளையும் காயத்தையும் ஒரே ஆளின் ஒரே நாளாக இங்கே தொகுத்திருக்கிறேன். உடற்கூறு, களவிதிகள், எடைகள் எல்லாம் உண்மையானவை.

எந்தக் களம் இது

ஸ்காட்லாந்தின் ஹைலேண்ட் விளையாட்டு விழாக்கள் கோடைக்காலம் முழுக்க ஊருக்கு ஊர் நடக்கும். செப்டம்பர் முதல் சனிக்கிழமை பிரேமாரில் நடப்பது இவற்றில் பெயர்பெற்றது. விக்டோரியா மகாராணி 1848-ல் அங்கே போனதிலிருந்து அரச குடும்பத்துக்கும் அந்த விழாவுக்கும் தொடர்பு நீடிக்கிறது. பைப் இசை, நடனம், ஓட்டம், கயிறு இழுத்தல் எல்லாம் உண்டு. ஆனால் கூட்டத்தை நிறுத்தி வைப்பது கில்ட் எனப்படும் கட்டம்போட்ட பாவாடை கட்டிய பெரிய ஆட்கள் எறியும் போட்டிகள்தான். ‘ஹெவி’ போட்டிகள் என்றே அவற்றைச் சொல்வார்கள்.

அவற்றின் பட்டியல் ஏறக்குறைய எல்லா ஊரிலும் ஒன்றுதான். இலகு கல், கனமான கல். 16 பவுண்டு சுத்தியல், 22 பவுண்டு சுத்தியல். சங்கிலியும் வளையமும் கோத்த 28 பவுண்டு இரும்பை ஒற்றைக் கையால் சுழன்று தூரத்துக்கு எறிவது, பிறகு அதே முறையில் 56 பவுண்டு. 56 பவுண்டையே தலைக்கு மேலே குறுக்குக் கம்பியைத் தாண்டி எறிவது. கடைசியில் கேபர் எனப்படும் நீள மரத்தண்டு. சில இடங்களில், குறிப்பாக வட அமெரிக்காவில், கவைக்கோலால் வைக்கோல் மூட்டையை உயரே எறிவதும் சேரும். இந்த 56 பவுண்டு எறிதல் ஒலிம்பிக்கிலும் இருந்திருக்கிறது, 1904-லும் 1920-லும்.

எண்களைக் கிலோவில் பார்த்தால் பயம் வராது. 16 பவுண்டு என்றால் 7.26 கிலோ. 28 பவுண்டு 12.7 கிலோ. 56 பவுண்டு 25.4 கிலோ. ஜிம்மில் 200 கிலோ தூக்கும் ஒருவருக்கு 25 கிலோ எம்மாத்திரம்? நம்முடைய ஆள் நினைத்ததும் அதுதான். காயத்தின் முதல் காரணத்தை நான் அங்கேதான் வைக்கிறேன்.

இந்த விளையாட்டு ஆபத்தானதா என்று கேட்டால், பதில் சொல்ல ஓரளவு தரவு இருக்கிறது. எடைப்பயிற்சி சார்ந்த விளையாட்டுகளின் காயங்களைப் பற்றிய ஆய்வுகளை ஜஸ்டின் கியோவும் பால் வின்வுட்டும் 2017-ல் ஒன்றுதிரட்டிப் பார்த்தார்கள். உடற்கட்டுப் பயிற்சியில் 1000 மணி நேரத்துக்கு 0.24 முதல் 1 காயம் வரை. ஸ்ட்ராங்மேன் போட்டிகளில் 4.5 முதல் 6.1. ஹைலேண்ட் விளையாட்டில் 7.5. அந்தத் தொகுப்பில் இருந்தவற்றில் இதுவே அதிகம். வாரத்துக்கு மூன்று மணி நேரம் பயிற்சி செய்பவர் ஆண்டுக்கு ஏறக்குறைய 150 மணி நேரம் களத்தில் இருப்பார். அந்த விகிதப்படி ஆண்டுக்கு ஒரு காயத்துக்குச் சற்று மேல். அந்தக் காயங்களில் பெரும்பாலானவை ஆளை முடக்கிப் போடுபவை இல்லை. தசைப்பிடிப்பு, சுளுக்கு, தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நாண்) அழற்சி போன்றவையே மிகுதி. தோள், கீழ்முதுகு, முழங்கால், முழங்கை, மணிக்கட்டு ஆகிய இடங்களில்தான் வழக்கமாக வருகின்றன.

25 கிலோ எப்படி 100 கிலோ ஆகிறது

ஜிம்மில் தூக்கும் எடை கீழ்நோக்கி மட்டும் இழுக்கும். சுழலும் எடை வெளிநோக்கி இழுக்கும். அந்த இழுப்பு வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

தொடக்கக்காரர் ஒருவர் 56 பவுண்டை 6 மீட்டர் எறிகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதற்குக் கையை விட்டுக் கிளம்பும்போது வேகம் நொடிக்கு ஏறக்குறைய 7 மீட்டர் இருக்க வேண்டும். உடலின் அச்சிலிருந்து இரும்பின் மையம் வரை, கையும் சங்கிலியும் சேர்த்து, 1.15 மீட்டர் அளவு. அப்படியானால் விடுவதற்கு முந்தைய கணத்தில் அந்த ஒற்றைக் கையை இழுக்கும் விசை 100 கிலோ எடைக்குச் சற்று மேல். இதே ஆள் 28 பவுண்டை 11 மீட்டர் எறிந்தால்? எடை பாதி, வேகமோ அதிகம். இழுப்பு அங்கேயும் 100 கிலோவுக்குச் சற்று மேல்தான் வருகிறது. 16 பவுண்டு சுத்தியலை 30 மீட்டர் எறியும் ஒருவருக்கு இரண்டு கைகளுக்கும் சேர்த்து 110 கிலோ அளவு.

இதிலிருந்து இரண்டு விஷயம் தெரிகிறது. ஒன்று, ‘இலகு’ எடை என்று எதுவும் கிடையாது. இலகுவானதை வேகமாக எறிகிறோம், அவ்வளவுதான். அதனால் 28 பவுண்டை வெறும் உடல் சூடாக்கும் பயிற்சியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டாவது இன்னும் முக்கியம். தூரம் கூடக் கூட இழுப்பும் கிட்டத்தட்ட அதே விகிதத்தில் கூடும். தொடக்கக்காரர்தான் மிக வேகமாக முன்னேறுகிறவர். முதல் மாதத்தில் 8 மீட்டர், அடுத்த மாதத்தில் 11 மீட்டர். கையில் இருப்பது அதே இரும்பு. முழங்கைக்கு வரும் சுமையோ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிட்டது. ஜிம்மில் இவ்வளவு கூட்ட வேண்டுமானால் தட்டுகளை எடுத்து மாட்ட வேண்டும், எண்ணிக்கை கண்ணுக்குத் தெரியும். இங்கே தெரியாது. மகிழ்ச்சி மட்டும்தான் தெரியும்.

தசை சில வாரங்களில் பலம் கூட்டிக்கொள்ளும். தசைநாண் அப்படியில்லை. அதற்கு இரத்த ஓட்டம் குறைவு, மாற்றமும் மெதுவாகவே வரும், பல மாதங்கள் பிடிக்கும். ஐந்து ஆண்டு டெட்லிஃப்ட் பழகியவரின் தசைநாண்களும் உறுதியானவைதான். ஆனால் அவை பழகியது மெதுவாக ஏறி, நேர்கோட்டில் இறங்கும் சுமைக்கு. அரை நொடியில் திடீரென்று பக்கவாட்டில் வரும் இழுப்பு அவற்றுக்குப் புதிது.

கை மடங்கிய கணம்

நம்முடைய நிகழ்வுக்கு வருவோம். 56 பவுண்டைச் சுழற்றும்போது கை கயிறுபோல் நீட்டித் தொங்க வேண்டும். தோள் தளர்ந்து, முழங்கை நேராக, இரும்பு உடலுக்குப் பின்னால் தங்கி வர வேண்டும். வேலை செய்வது காலும் இடுப்பும். கை வெறும் இணைப்பு. பயிற்சியாளர்கள் முதல் நாளே சொல்வது இது.

சொன்னால் உடனே வருவதில்லை. இரண்டாவது சுழற்சியில் இரும்பு ஆளை வெளியே இழுக்கிறது, குதிகால் மண்ணில் சறுக்குகிறது, சமநிலை போகிறது. அந்த நேரத்தில் உடல் தானாகச் செய்வது, முழங்கையை மடக்கி எடையைத் தன் பக்கம் இழுப்பது. பலம் குறைந்தவரால் 100 கிலோ இழுப்பை எதிர்த்துக் கையை மடக்கவே முடியாது. பிடி நழுவும், இரும்பு போய் விழும், எறி வீணாகும். அத்தோடு சரி. நம் ஆளால் மடக்க முடிந்தது. பாதி மடங்கிய முழங்கையைச் சுழலும் இரும்பு வலிந்து நீட்டியது. சுருங்க முயலும் தசையை வெளிவிசை நீட்டும்போதுதான் தசைநாண் மேல் மிகப் பெரிய சுமை விழும். மேற்கையின் முன்தசையான பைசெப்ஸ் முன்கை எலும்பில் ஒட்டும் இடத்தில் அந்தத் தசைநாண் பெயர்ந்துவிட்டது.

இந்தக் காயம் யாருக்கு வரும் என்பது எலும்பு மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று. 30-லிருந்து 60 வயதுக்குள் உள்ள ஆண்கள், பெரும்பாலும் பழக்கமான கை, கனமான ஒன்றைத் தாங்கும்போது முழங்கை திடீரென்று நீட்டப்படுவது. புகைப்பவர்களுக்கு வாய்ப்பு கூடுதல். நம்முடைய ஆளுக்கு எல்லாமே பொருந்துகிறது.

பிடி விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். கை வழுக்காமலிருக்கப் பலர் பிசின் தடவிக்கொள்வார்கள், விரல்களில் டேப் சுற்றுவார்கள். அனுபவசாலிக்கு அது உதவும். தொடக்கக்காரருக்கு என் பரிந்துரை: முதல் சில மாதங்கள் பிசின் வேண்டாம். கையை விட்டு நழுவும் இரும்பு, எறியும் திசையில் யாரும் இல்லாதவரை, ஒரு பாதுகாப்புதான். முழங்கை தாங்கக்கூடியதைவிடப் பிடி பலமாகிவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

அதற்கு முந்தைய வாரம்

காயம் நடந்தது ஒரு கணத்தில். அதற்கான ஏற்பாடு அந்த வாரம் முழுக்க நடந்திருக்கிறது. போட்டி சனிக்கிழமை. திங்களிலிருந்து வியாழன் வரை தினமும் மாலையில் பூங்காவில் எறிந்து பார்த்திருக்கிறார், ஒவ்வொரு எறியும் முழு வேகத்தில். வியாழன் இரவு ஜிம்மில் டெட்லிஃப்ட் வேறு. வெள்ளிக்கிழமை முழங்கை மடிப்பில் லேசான வலி இருந்ததாகப் பிறகு சொல்கிறார். அந்த லேசான வலியை நான் மிக முக்கியமான தகவலாகப் பார்க்கிறேன். தசைநாண் முழுதாகக் கிழியும் முன்பே அதில் சிதைவு தொடங்கியிருக்கும்.

போட்டி நாளின் அமைப்பும் ஒரு காரணம். எட்டுப் போட்டி, ஒவ்வொன்றிலும் மூன்று முயற்சி என்றால் 24 முழுவேக எறிகள். சூடுபடுத்த எறிபவை தனி. தடகளத்தில் குண்டு எறிபவர் ஒரே நாளில் வட்டு, சுத்தியல், ஈட்டி என்று எல்லாவற்றிலும் இறங்குவது அரிது. இங்கே அது இயல்பு. நடுவில் அரை மணி, முக்கால் மணி நேரக் காத்திருப்பு. ஜூலையானாலும் அபர்டீன்ஷயரில் மழைச்சாரலும் 13, 14 டிகிரிக் குளிரும் சாதாரணம். உடல் சூடாகி, ஆறி, மறுபடி சூடாகாமலே முழுவேகத்துக்குப் போகிறது. பழைய வீரர்களைப் பார்த்தால் தெரியும்: முயற்சி முடிந்த மறுநிமிடம் ஸ்வெட்டரும் கம்பளிக் காலுறையும் போட்டுக்கொள்வார்கள், தங்கள் முறைக்கு முன்னால் சும்மா நிற்காமல் நடந்துகொண்டே இருப்பார்கள். நம்முடைய ஆள் பனியனோடு ஈரப் புல்லில் உட்கார்ந்து மற்றவர்கள் எறிவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தப்பிய மற்ற ஆபத்துகள்

அந்த ஒரே நாளில் இவருக்கு நேராத, ஆனால் நேர்ந்திருக்கக்கூடியவற்றையும் பார்ப்பது நல்லது. ஒவ்வொரு போட்டியும் உடலின் வேறொரு இடத்தைச் சோதிக்கிறது.

சுத்தியலில் எனக்குக் கவலை எறிபவரைவிடச் சுற்றி நிற்பவர்களைப் பற்றித்தான். ஸ்காட்டிஷ் சுத்தியல் ஒலிம்பிக் சுத்தியலைப் போன்றதல்ல. கம்பி கிடையாது, விறைப்பான கைப்பிடி, அதன் நுனியில் உருண்டை இரும்பு. மொத்த நீளம் 1.27 மீட்டர். எறிபவர் காலை நகர்த்தாமல், களத்துக்கு முதுகைக் காட்டி நின்று, தலைக்கு மேலே இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, தோளுக்கு மேலாக விடுகிறார். எங்கே எறிகிறோம் என்று பார்க்காமலே எறியும் போட்டி இது. விடும் கணம் சற்று முந்தினாலும் பிந்தினாலும் 7 கிலோ இரும்பு பக்கவாட்டில் பறக்கும். தொடக்கக்காரருக்கு அந்தக் கணம் நிலையாக வருவதற்குள் ஒரு பருவமே ஆகிவிடலாம். பூங்காவில் நண்பரோடு பழகும்போது நண்பர் பக்கத்தில் நின்று வீடியோ எடுப்பது வழக்கம். அந்த இடத்தில் நிற்கவே கூடாது. எறியும் இடத்திலிருந்து நன்றாகப் பின்வாங்கி, கண்ணை எறிபவரிடமிருந்து எடுக்காமல் நிற்க வேண்டும். தலையும் கைப்பிடியும் சேரும் இடம் தளர்ந்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் கையால் அசைத்துப் பார்ப்பதும் தவறக் கூடாது.

இன்னொன்று காலணி. சுத்தியலுக்கென்றே முன்நுனியில் கத்திபோல் நீளும் இரும்புத் தகடு வைத்த பூட்ஸ் போடுவார்கள். அதை மண்ணில் குத்தி ஊன்றினால் உடல் பின்னால் சாய்ந்து சுத்தியலை எதிர்க்க முடியும். தூரம் சட்டென்று கூடும். ஆனால் கால் ஊன்றிவிட்டால் திருகும் விசை அங்கே வெளியேற முடியாது. முழங்காலும் கீழ்முதுகும் அதை வாங்கிக்கொள்கின்றன. சாதாரணக் காலணியில் தவறாகச் சுற்றினால் கால் வழுக்கும். தகடு ஊன்றிய காலணியில் தவறாகச் சுற்றினால் முழங்கால் திருகும். முதல் போட்டிக்கே யாரிடமோ கடன் வாங்கி, அளவு பொருந்தாத தகட்டுப் பூட்ஸோடு வருபவர்களைப் பற்றி நினைத்தால் எனக்கு நிஜமாகவே பதற்றமாக இருக்கிறது. நம்முடைய ஆளும் அப்படித்தான் வந்தார்.

56 பவுண்டைக் கம்பிக்கு மேலே எறிவதில், எறிபவர் கம்பிக்கு முதுகைக் காட்டி, ஏறக்குறைய அதற்கு நேர் கீழே நிற்கிறார். கால்களுக்கு நடுவே ஊசலாட்டி, ஒரே கையால் செங்குத்தாக மேலே விடுகிறார். இரும்பு 3, 4 மீட்டர் உயரம் போய் இறங்குகிறது. சரியாகப் போனால் பின்னால் விழும். சரியாகப் போகாவிட்டால் நேராகத் தலைக்கு. விட்ட மறுகணம் மேலே பார்த்தபடி முன்னால் நகர வேண்டும். எங்கே போகிறது என்று தெரியாவிட்டால் திரும்பிப் பார்க்க நிற்காமல் முன்னோக்கி ஓட வேண்டும். எறிவதற்கு முன்னால் இந்த ஓட்டத்தைத்தான் முதலில் பழக வேண்டும், வெறுங்கையோடு.

கேபரைப் பார்க்கிறவர்களுக்கு அது பலப்பரீட்சைபோல் தெரியும். நீளம் 5 முதல் 6 மீட்டர், எடை 45 முதல் 70 கிலோவரை ஊருக்கு ஊர் மாறும். பிரேமாரின் புகழ்பெற்ற கேபர் 19 அடி 9 அங்குலம், 132 பவுண்டு, அதாவது 60 கிலோ. மெல்லிய முனையைக் கையில் ஏந்தி, தண்டைத் தோளில் சாய்த்து, ஓடி, சட்டென்று நின்று, மேலே இழுத்துவிட வேண்டும். மேல்முனை தரையில் ஊன்றி, தண்டு புரண்டு, ஓடிய திசையிலேயே கடிகாரத்தின் 12 மணிக்கு நேராக விழுந்தால் முழு மதிப்பெண். தூரம் கணக்கில் வராது.

இதில் காயம் பெரும்பாலும் எறியும்போது வருவதைவிட, போய்க்கொண்டிருக்கும் சமநிலையைக் காப்பாற்ற முயலும்போது வருகிறது. தண்டு பக்கவாட்டில் சாயத் தொடங்கிவிட்டால் எந்தப் பலசாலியாலும் அதை மீட்க முடியாது. கனமான முனை 5 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; அதன் நெம்பு விசையோடு மல்லுக்கட்டுவது முதுகைத் திருகிக்கொள்வதில்தான் முடியும். தண்டைச் சாயும் பக்கமே போகவிட்டு, எதிர்ப்பக்கமாக விலகுவதே சரி. இதை நடுவர்களும் மற்ற வீரர்களும் தவறாக நினைக்கவே மாட்டார்கள். புதியவர்கள் நினைப்பார்கள். கூட்டம் பார்க்கிறது, விட்டுவிட்டால் அவமானம் என்று இறுக்கிப் பிடித்துக்கொண்டு தண்டோடு சேர்ந்து விழுவார்கள். காரை எலும்பில் அடி, கன்னத்தில் மரப்பட்டை உராய்ந்த காயம் இவையெல்லாம் வருவது இப்படித்தான்.

கல் எறிதலில் பெரிய விபத்து குறைவு. குண்டு எறிதலைப் போலவே கல் கழுத்தோடு ஒட்டியிருக்க வேண்டும். முழங்கையைத் தாழ்த்தி, பந்தைப் போல் வீசினால் முழங்கையின் உட்புறமும் தோளும் வலிக்கும். வழவழப்பான ஆற்றுக்கல் விரல்களைப் பின்னுக்கு வளைத்துச் சுளுக்குவதும் உண்டு. பிரேமார் கல் எனப்படும் கனமான கல், ஓடிவராமல் நின்ற இடத்திலிருந்தே எறிவது. தொடக்கக்காரர் அதிலிருந்து தொடங்குவது நல்லது. வைக்கோல் மூட்டையில் கூர்முனைக் கவைக்கோல் தான் ஆபத்து. மூட்டை முள்ளில் மாட்டிக்கொண்டால் கோலும் சேர்ந்து மேலே போகும். அது இறங்கும் இடத்தில் யாரும் இருக்கக் கூடாது.

சிகிச்சை

ஒன்பதாம் நாள் மருத்துவர் செய்த முதல் சோதனை மிக எளிமையானது. முழங்கையைச் செங்கோணத்தில் மடக்கி, உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பச் சொல்லி, வெளிப்பக்கமிருந்து ஆள்காட்டி விரலைப் பைசெப்ஸ் தசைநாணுக்கு அடியில் கொக்கிபோல் மாட்டிப் பார்த்தார். நல்ல கையில் கயிறுபோல் ஒன்று விரலில் தட்டும். காயப்பட்ட கையில் எதுவும் தட்டவில்லை. எம்ஆர்ஐ அதை உறுதி செய்தது: முழுக் கிழிசல், நுனி சில சென்டிமீட்டர் மேலேறியிருந்தது.

இந்தச் சோதனைக்குக் கருவி தேவையில்லை, ஒரு நிமிடம்கூட ஆகாது. களத்திலேயே செய்யலாம். ஹெவி போட்டி நடக்கும் இடத்தில் முதலுதவி செய்கிறவர்களுக்கு இதைக் கற்றுக்கொடுப்பது அவசியம் என்று நினைக்கிறேன். ‘டப்’ சத்தம், சட்டென்று வந்து சட்டென்று குறையும் வலி, முழங்கை மடிப்பில் நீலம் ஆகியவை சேர்ந்து வந்தால் ஐஸ் வைத்து அனுப்பும் விஷயம் இல்லை. வலி குறைவது நல்ல அறிகுறியாகத் தோன்றும். பாதி கிழிந்த தசைநாண் தொடர்ந்து வலிக்கும். முழுதாக அறுந்தது இழுபடாமல் அமைதியாகிவிடும்.

அறுவை செய்யாமல் விட்டால் கை முடங்கிப்போகாது. முழங்கையை மடக்க வேறு தசைகளும் இருக்கின்றன. ஆனால் உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பும் பலத்தில் பெரும்பங்கு போய்விடும். திருப்புளி பிடிப்பது, சாவி திருகுவது எல்லாம் களைப்பாகும். வயதானவர், கையால் கடின வேலை இல்லாதவர் அப்படியே விட்டுவிடலாம். 34 வயதில், திரும்பவும் எறிய விரும்புகிறவருக்கு அறுவைதான் பொருத்தம். அதையும் முதல் இரண்டு மூன்று வாரங்களுக்குள் செய்வது நல்லது. நாள் கடந்தால் தசை சுருங்கி, தழும்பு ஒட்டி, நுனியை இழுத்துப் பழைய இடத்தில் பொருத்துவது கடினமாகிவிடும். வேறு இடத்துத் தசைநாணை எடுத்து ஒட்டுப்போட வேண்டிய நிலைகூட வரும். ஒன்பது நாள் தாமதம் இவருக்கு அந்த எல்லைக்குள்ளேயே அமைந்தது.

பதினாறாம் நாள் அறுவை. முன்கை எலும்பில் துளையிட்டுத் தசைநாண் பொருத்தப்பட்டது. பிறகு முன்கையின் வெளிப்பக்கத்தில் மரத்துப்போன உணர்வு இருந்தது. இந்த அறுவையில் மிகச் சாதாரணமாக வருவது அது. அங்கே போகும் தோல் நரம்பு இழுபடுவதால் நேர்கிறது. சில மாதங்களில் பெரும்பாலும் சரியாகிவிடும். முதல் ஆறு வாரம் அந்தக் கையால் எதையும் தூக்கவில்லை. மூன்றாம் மாதத்திலிருந்து மெதுவாக எடைப்பயிற்சி. எறிதலுக்கு ஆறு மாதத்துக்குப் பிறகே அனுமதி. அதாவது அந்தப் பருவம் முடிந்துவிட்டது.

இரண்டாவது பருவத்துக்கான திட்டம்

இவருக்காக வகுக்கப்பட்ட திட்டத்தில் பலம் கூட்டும் பகுதி மிகச் சிறியது. பலம் ஏற்கெனவே தேவைக்கு மேல் இருக்கிறது.

முதல் இரண்டு மாதம் பெண்கள் பிரிவின் எடைகள்: 56-க்குப் பதில் 28 பவுண்டு, 28-க்குப் பதில் 14. இதைச் சொன்னால் பலருக்கு முகம் சுருங்கும். சுருங்கக் கூடாது. பெண்கள் பிரிவின் நல்ல வீராங்கனைகள் அந்த எடைகளைப் புதிய ஆண்களைவிட வெகுதூரம் எறிகிறார்கள். அவர்களிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. இலகு எடையானாலும் முன்பு சொன்ன கணக்கு மாறாது என்பதால், வேகத்துக்கும் எல்லை வேண்டும். அந்த இரண்டு மாதமும் தூரம் அளக்கவே கூடாது. டேப்பை வீட்டில் வைத்துவிட்டு வருவதுதான் அதற்கு எளிய வழி. அளக்காத இடத்தில் முழுவேகமும் வராது.

வாரத்துக்கு இரண்டு நாள் எறிதல், நடுவில் குறைந்தது இரண்டு நாள் இடைவெளி. ஒரு நாளில் இரண்டு போட்டி வகைகள் மட்டும், மொத்தம் 20 எறிகளுக்குள். எறிந்த மறுநாள் டெட்லிஃப்ட் கிடையாது. போட்டிக்கு முந்தைய ஐந்து நாள் எந்த எறியும் கிடையாது. ஐந்து நாளில் நுட்பம் மறந்துவிடாது. ஒவ்வொரு எறியையும் பக்கவாட்டிலிருந்து, தூரத்தில் முக்காலியில் வைத்த போனில் பதிவு செய்து ஒன்றை மட்டும் பார்க்க வேண்டும்: முழங்கை மடங்குகிறதா. மடங்கினால் அன்றைக்கு அந்த எடை முடிந்தது. கை நீட்டியிருக்கும்வரை எடையைக் கூட்டலாம்.

தசைநாணுக்கென்று தனியாகச் செய்வது மெதுவான பயிற்சிகள். எடையை மூன்று நொடியில் மேலே, மூன்று நொடியில் கீழே. பைசெப்ஸுக்கும் முன்கைக்கும், தொடையின் பின்தசைக்கும், தோளைச் சுற்றியுள்ள சிறு தசைகளுக்கும். பார்க்கச் சலிப்பாக இருக்கும். மூன்று நான்கு மாதம் கழித்தே பலன் தெரியும். புகை நிறுத்துவதும் இதே திட்டத்தின் பகுதி. ஒட்டவைத்த தசைநாண் எலும்போடு பிணைவதைப் புகை தாமதப்படுத்தும்.

போட்டிக்குப் போகும் முதல் ஆண்டில் எட்டிலும் இறங்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. இரண்டு கல், இலகு சுத்தியல், 28 பவுண்டு ஆகிய நான்கு போதும். கேபருக்கு 3.5 மீட்டர், 30 கிலோ அளவிலான பயிற்சித் தண்டு பல குழுக்களிடம் இருக்கும். அதைப் போடவும், முக்கியமாகக் கைவிட்டு விலகவும் பழகிய பிறகு பெரிய தண்டைத் தொடலாம்.

ஒருங்கிணைப்பாளர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. 50 வயதைக் கடந்த ஆண்களுக்குப் பல இடங்களில் 56-க்குப் பதில் 42 பவுண்டு கொடுக்கிறார்கள். அதை ஏற்றுக்கொண்ட மரபு, முதல் ஆண்டுக்காரருக்கும் அதே 42-ஐக் கொடுக்கலாம். இரும்பு ஏற்கெனவே களத்தில்தான் கிடக்கிறது, புதிதாக வாங்க வேண்டியதில்லை. புதியவர்கள் பிரிவு தொடங்கும் முன்னால் பத்து நிமிடம் ஒதுக்கி, எங்கே நிற்கக் கூடாது, கேபரை எப்படிக் கைவிடுவது, கம்பிக்கு அடியிலிருந்து எப்படி ஓடுவது என்று ஒரு மூத்த வீரர் செய்து காட்டட்டும். ஹைலேண்ட் களத்தில் மூத்த வீரர்கள் கேட்டால் மறுப்பவர்கள் இல்லை. தன் முறைக்கு அடுத்து எறியப்போகும் போட்டியாளருக்கே காலை எங்கே வைப்பது என்று சொல்லிக்கொடுக்கும் பழக்கம் அங்கே உண்டு.

நம்முடைய ஆள் ஒன்பதாம் மாதம் 14 பவுண்டோடு களத்துக்குத் திரும்பினார். முன்கையில் ஒரு ரூபாய் அளவு இடம் இன்னும் மரத்திருக்கிறது, பிடியில் குறையில்லை. அந்தக் கோடையில் இரண்டு ஊர்களில் கல்லும் 28 பவுண்டும் மட்டும் எறிந்தார். 56 அடுத்த ஆண்டுக்கு.